பழுதாகாத காருக்கு நட்சத்திரம் இல்லை

என் மச்சானின் கார் ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. எங்கள் குடும்பத்துக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரு காரணத்தால்தான்.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கார் கொரியாவில் செய்தது. வேறு யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கினார். பின்சீட்டில் கிழிசல், பம்பரில் எவனோ உரசிவிட்டுப் போன கோடு, ரேடியோவில் ஒரே ஒரு நிலையம். சாவியைத் திருப்பினால் கிளம்பும், பிரேக்கை மிதித்தால் நிற்கும். ஒரு காரிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவன். கொரியா எங்கே, ஐரோப்பா எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் விரல் வைப்பேன். எந்த ஊர்க் கார் உசத்தி என்று கேட்டால் முழிப்பேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒருமுறை தவறினால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். அடுத்ததும் தவறினால் நீர் நெஞ்சுக்கு ஏறி மூச்சு முட்டும். அதற்கடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்படிப்பட்டவளை மழையென்றும் வெயிலென்றும் பாராமல் வருஷக்கணக்காகக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தது அந்தக் கார்தான்.

ஒருநாள் காலை மருத்துவமனை வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“நட்சத்திரம் எங்க சார்?”

“என்ன நட்சத்திரம்?” என்றார் மச்சான்.

“முன்கண்ணாடில ஒட்டுற நட்சத்திரம். நோயாளியை ஏத்திட்டு வர்ற வண்டி நம்பகமான வண்டின்னு ஒப்பீட்டுக் கழகம் குடுத்திருக்கணும். இன்னையிலருந்து புது விதி. வழியில வண்டி நின்னுட்டா நோயாளி கதி என்னாகுறது?”

“இந்த வண்டி நின்னதே இல்லைங்க.”

“நட்சத்திரம் இல்லாம அதை நான் எப்படி சார் நம்புறது?”

வாசலிலிருந்து டயாலிசிஸ் கட்டடம்வரை நீண்ட ஏற்றம். அக்காவால் நாலடி நடக்க முடியாது. சக்கர நாற்காலியாவது கொண்டுவரச் சொன்னோம். காவலாளி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். நாற்காலிக்கும் சக்கரம் இருப்பதால் அதுவும் வண்டிதானாம். எல்லா நாற்காலிகளும் சோதனைக்குப் போயிருந்தன. ஆம்புலன்ஸ்களும் போயிருந்தன. மச்சான் அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினார். நான் அவளுடைய செருப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மேலே போய் இறக்கியதும் மச்சான், “வெயிட்டே இல்ல மாப்ள” என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் குனிந்து அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போனோம். முழுப்பெயர், கொரிய ஐரோப்பிய வாகனத் தர நம்பக ஒப்பீட்டுக் கழகம். எந்த ஊர்க் கார் நல்ல கார் என்று கண்டுபிடிப்பதற்காகத் தொடங்கப்பட்டது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டால் கழகத்தை மூடவேண்டியிருக்கும் என்பதால் யாரும் அவசரப்படவும் இல்லை. உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் ஐரோப்பியப் பிரிவு, வலப்பக்கம் கொரியப் பிரிவு. இரண்டுக்கும் தனித்தனி மாடிப்படி, தனித்தனி காபி மெஷின். ஐரோப்பியப் பிரிவின் மெஷின் பார்க்க வெகு லட்சணமாக இருந்தது. காபி குடிக்க மட்டும் எல்லோரும் வலப்பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் நின்றார். அவருடையது ஐரோப்பியக் கார். அவர் அதை ஓட்டி வரவில்லை. இழுவை லாரியில் அதை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் தானும் உட்கார்ந்து வந்திருந்தார்.

“எத்தனை தடவை பழுது?” என்று கேட்டார் பதிவு ஜன்னலில் இருந்த அம்மாள்.

“இந்த வருஷமா, மொத்தமாவா?”

கியர் மாற மறுத்தது, கதவுக் கண்ணாடி இறங்கி ஏற மறுத்தது, மழையே இல்லாமல் வைப்பர் ஓடி ஓடி ஓய்ந்தது என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். அம்மாள் முகம் மலர மலரக் கம்ப்யூட்டரில் தட்டினார். அங்கேயே ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். டாக்டர் திரும்பி எங்களைப் பார்த்து, “பழுதுன்னு அவங்க சொல்றாங்க. எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது தம்பி. அதுக்குக் கொஞ்சம் சுபாவம் ஜாஸ்தி, அவ்வளவுதான்” என்றார். நல்ல மனிதர். சட்டைக் காலரில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

அடுத்து நாங்கள்.

“எத்தனை தடவை?”

“ஆகலைங்க” என்றார் மச்சான்.

“ஒரு தடவைகூடவா? யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க. உங்க கார் என்ன, யானையைவிட உசத்தியா?”

“அது தெரியாதுங்க. நின்னதில்ல.”

“பூஜ்யம் போட்டா கம்ப்யூட்டர் வாங்காது சார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்ல கேட்டுப் பாருங்க.”

நான் மச்சானின் முழங்கையைக் கிள்ளினேன். “ரெண்டுன்னு சொல்லித் தொலைங்க மச்சான்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “இத்தனை வருஷம் உங்கக்காவைச் சுமந்த வண்டி மாப்ள. வாய் கூசாம அது மேல பழி போடச் சொல்றியா?”

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்களை இயக்குநரிடம் அனுப்பினார்கள்.

இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொல்லிவிட்டு அவர் மட்டும் நின்றபடியே பேசினார். ஒருவரிடம் பேசினாலும் மண்டபத்தில் பேசுவதுபோலவே பேசுவார்.

“நம்பகம்னா என்ன சார்? ஒரு பொருள் நம்மைக் கைவிட்ட பிறகும் நாம அதைக் கைவிடாம இருக்கோமே, அதுதான் நம்பகம். உங்க கார் உங்களைக் கைவிட்டதே இல்லைங்கறீங்க. அப்புறம் நீங்க அதை நம்புறீங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்? பழகிப்போச்சு, ஓட்டுறீங்க. அந்த டாக்டரைப் பாருங்க. எத்தனை தடவை அது அவரை நடுரோட்டுல விட்டிருக்கு! இன்னும் அதையே வச்சிருக்காரே. அதுக்குப் பேர்தான் சார் நம்பிக்கை.”

“என் சம்சாரத்துக்கு நாளைக்கு டயாலிசிஸ் இருக்குங்க” என்றார் மச்சான்.

“கவலைப்படாதீங்க. நம்பகத்துல போனாலும் தரத்துல பிடிச்சிடலாம்.”

தரச் சோதனை அடுத்த கூடத்தில் நடந்தது. அங்கே கதவுச் சத்தக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஐந்து நிபுணர்கள் கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊழியர் ஒருவர் கார்க் கதவைச் சாத்துவார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர்கள் காரின் தரத்தைச் சொல்வார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று நான் கேட்டேன். ஓட்டினால் தரத்தின் மேல் கவனம் சிதறும் என்றார்கள்.

பல் டாக்டரின் காரையும் எங்கள் காரையும் அருகருகே நிறுத்தினார்கள். முதல் கதவு சாத்தப்பட்டது.

“ஆகா! பெட்டகம் மூடுற சத்தம்” என்றார் ஒரு நிபுணர்.

“நூறு வருஷ அனுபவம் பேசுது” என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்குத் துணிக்கு அடியில் கண்ணீரே வந்துவிட்டது.

“அது கொரியக் கார்ங்க” என்றார் ஊழியர்.

 பிறகு ஐந்து பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். குழுத் தலைவர் நிமிர்ந்தார். “அப்போ இது ஐரோப்பியச் சத்தத்தைக் காப்பியடிச்சிருக்கு. காப்பிக்கு மார்க் குறைக்கணும்” என்றார். எங்கள் மார்க் பூஜ்யத்துக்குக் கீழே போனது.

அடுத்து டாக்டர் காரின் கதவு. பூட்டு சிக்கிக்கொண்டதால் அது சாத்த வரவில்லை. ஊழியர் தள்ளிப் பார்த்தார், தோளால் முட்டிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தார். நிபுணர்கள் காதைத் தீட்டிக் காத்திருந்தார்கள்.

“இவ்வளவு அமைதியா மூடுற கதவை என் சர்வீஸ்ல கேட்டதில்ல” என்றார் தலைவர். முழு மார்க்.

எங்கள் காரை அவர்கள் திருப்பித் தரவில்லை. அதைப் ‘பழுது வரவழைக்கும் பிரிவு’க்கு அனுப்பினார்கள். ஒரே ஒரு பழுது வந்துவிட்டால் போதும், அன்றைக்கே நட்சத்திரம் என்று இயக்குநர் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுவரைக்கும் எங்களுக்கு ஒரு மாற்றுக் கார் கொடுத்தார்கள். ஐந்து நட்சத்திரம் ஒட்டிய ஐரோப்பியக் கார்.

குறை சொல்லக்கூடாது, முதல் நாள் அது ராஜா மாதிரி போனது. காவலாளி சல்யூட் அடித்து வாசல் தடுப்புக் கம்பியைத் தூக்கினார். அக்கா சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். “சோபா மாதிரி இருக்குடா. முதுகு வலிக்கவே இல்ல” என்றாள். எனக்குக்கூட இப்படி ஒன்று நமக்கு அமைந்தால் என்ன என்று சபலம் தட்டியது.

அடுத்த தடவை பாலத்தின் நடுவில் நின்றது. திரையில், “அன்புகூர்ந்து அருகிலுள்ள வல்லுநரை அணுகவும்” என்று எழுத்து வந்தது. அருகில் ஆறுதான் இருந்தது. வேறு வண்டி பிடிக்கலாம் என்றால் நட்சத்திரம் இல்லாத வண்டி வாசலைத் தாண்டாது; முதுகில் தூக்கிக்கொண்டு போகவும் இப்போது நட்சத்திரம் கேட்டார்கள். இழுவை லாரி வந்து சேர்வதற்குள் அக்காவின் முறை போய்விட்டது. சாயங்காலம் அவள் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை.

மச்சான் கழகத்துக்குப் போய் முறையிட்டார். நானும் கூடப் போனேன்.

“எப்படி நின்னுது?” என்று இயக்குநர் ஆவலாகக் கேட்டார். “குலுங்குச்சா?”

“இல்லைங்க. மெதுவா நின்னுது.”

“பாத்தீங்களா! அதுதான் தரம். சில வண்டிங்க ஓடும்போதே நின்ன மாதிரி இருக்கும். இது நிக்கும்போதும் ஓடுற மாதிரி இருக்கும்.”

“சார், அவளுக்குக் கால் வீங்கியிருக்கு.”

இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “அது எங்க வேலைக்குள்ள வராது சார். நாங்க வாகனம் மட்டும்தான்.”

இதற்கிடையில் பழுது வரவழைக்கும் பிரிவுக்காரர்கள் சோர்ந்துபோயிருந்தார்கள். எங்கள் காரைக் கல்லிலும் குழியிலும் விட்டடித்தார்கள். விளக்கை அணைக்காமல் விட்டுப் பார்த்தார்கள். ஓட்டத் தெரியாதவர்களை ஏற்றி ஓட்டவிட்டார்கள். கெட்ட வார்த்தையில் திட்டிக்கூடப் பார்த்ததாகக் கேள்வி. ஒன்றும் ஆகவில்லை. செய்தி கொரியப் பிரிவுத் தலைவியின் காதுக்குப் போனது. அந்த அம்மாள் தனது மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். எனக்கு நிம்மதி. நமக்காகப் பேச ஒருவர் வந்தாரே என்று நினைத்தேன்.

“இது எங்க மானம், எங்க பெருமை!” என்றார் அவர். “இதை யாரு ஓட்டச் சொன்னது? இன்னைக்கு ஓடும், நாளைக்கு ஓடும், என்னைக்காவது ஒரு நாள் நிக்கும். நின்னா எங்க பிரிவோட பேர் என்னாகுறது? இனிமே இதை யாரும் தொடக் கூடாது.”

“நோயாளியைக் கொண்டுபோகணுங்க” என்றார் மச்சான்.

“அப்படியெல்லாம் உபயோகப்படுத்திப் பாழாக்கிடாதீங்க!”

பிறகு கூட்டங்கள் நடந்தன. நாங்கள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கழற்றி ஆராய வேண்டும் என்றது ஒரு பிரிவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றது மற்றது. கதவு திறக்கும்போதெல்லாம் கத்தல் கேட்டது. கடைசியில் ஐரோப்பியப் பிரிவுத் தலைவர் ஒரு யோசனை சொன்னாராம்: இந்தக் கார் வெளியே போனால் மேலும் மேலும் பழுதாகாமலே ஓடி நம் கணக்கையெல்லாம் கெடுக்கும், உள்ளே இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. கழக வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டு பிரிவும் கைதட்டி ஒத்துப்போயின. கார் மேடையில் ஏற்றப்பட்டது, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டப்பட்டது. அதைப் பற்றி மச்சானிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதைக் காட்சிக்கு வைக்கும் விழாவுக்கு மட்டும் அழைத்தார்கள். அன்றைக்கு டயாலிசிஸ் நாள். விழா முடிந்த கையோடு கழகத்தின் காரிலேயே மருத்துவமனையில் கொண்டுபோய் விடுவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்தார். வேறு வழி எங்களுக்கு ஏது? அதற்கு முந்தின முறையும் மாற்றுக் காரின் சுபாவத்தால் தவறிப்போயிருந்தது. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

“நண்பர்களே!” என்று தொடங்கினார் இயக்குநர். “ஓடும் கார் எதுவானாலும் என்றாவது ஒருநாள் நிற்கும். நிற்கும் கார் மட்டுமே ஒருநாளும் நிற்காது. இந்த உண்மையைக் கண்டறிய இந்தக் கழகம் எத்தனை பேரைக் காத்திருக்க வைத்திருக்கிறது தெரியுமா?” பலத்த கைதட்டல். அவர் பேசினார், பிரிவுத் தலைவர்கள் பேசினார்கள், கதவுச் சத்தக் குழுத் தலைவர் சத்தத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் வாசலுக்கு ஓடினேன். கழகத்தின் கார் அங்கே கிளம்ப மாட்டேன் என்று அன்புகூர்ந்து நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து மச்சானிடம் சொன்னேன். அக்காவின் காதிலும் விழுந்தது.

“நம்ம வண்டிதான் நிக்குதேங்க” என்றாள் மேடையைக் காட்டி. “அதுலயே போயிடலாம்.”

இருவரும் அவளைத் தாங்கிக்கொண்டு மேடைக்குச் சரிவில் ஏறினோம். கயிற்றைத் தாண்டினோம். அவள் தன்னுடைய வழக்கமான இடத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டாள். மச்சான் சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னொரு முறை திருப்பினார். அவர் முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! பெற்ற பிள்ளை எதிர்த்துப் பேசியதுபோல் ஆகிவிட்டார். ஸ்டியரிங்கைத் தடவி, “என்னடா கண்ணு, இன்னைக்குப் போய்…” என்றார்.

பாதுகாப்புக்காக இஞ்சினைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். எங்களுக்குச் சொல்ல மறந்துபோனதாம்.

கூடத்தில் யாரோ, “பழுது! பழுது!” என்று கூவினார்கள். பதிவு ஜன்னல் அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தார். “கிளம்பல! ஒண்ணுன்னு போட்டுட்டேன் சார், கம்ப்யூட்டர் வாங்கிடுச்சு!” கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் மேடையேறித் தமது கையாலேயே முன்கண்ணாடியில் ஐந்து நட்சத்திரத்தை ஒட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். நான் அவர்களை வாயில் வந்தபடி திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை.

“தள்ளு மாப்ள” என்றார் மச்சான்.

தள்ளினோம். விழா பார்க்க வந்திருந்த பல் டாக்டர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்து கைகொடுத்தார். வண்டி தள்ளுவதில் அவருக்கு இருந்த அனுபவம் எங்களுக்கு இல்லை. எங்கே குனிய வேண்டும், எங்கே மூச்சை இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். மருத்துவமனை அதே சாலையில்தான். வாசலில் காவலாளி இஞ்சினைப் பார்க்கவில்லை, நட்சத்திரத்தைப் பார்த்தார். சல்யூட் அடித்துக் கம்பியைத் தூக்கினார். அந்த ஏற்றத்தில் மூன்று பேரும் எப்படி ஏறினோம் என்று எங்களுக்கே தெரியாது. நர்ஸ் எங்களைத் திட்டிக்கொண்டே அக்காவை மெஷினில் போட்டார். அன்றைக்கு அவள் பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் கழகத்தார் எங்கள் பின்னாலேயே வந்திருந்தார்கள். இயக்குநர் வழிநெடுகப் பார்த்துக் குறித்துக்கொண்டாராம். இஞ்சின் இல்லாத கார் ஒரு நோயாளியை எந்தப் பழுதும் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இஞ்சின் உள்ள கார் வாசலிலேயே நின்றுவிட்டது. ஆகவே பழுதுக்கெல்லாம் மூலம் இஞ்சின்தான். நோயாளிகளை ஏற்றும் எந்த வண்டியானாலும் இஞ்சினைக் கழற்றிக் கழகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி வந்தது. ஐரோப்பியப் பிரிவு, “சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை, இதுவே உயர்தரம்” என்று வரவேற்றது. கொரியப் பிரிவு, “பெட்ரோல் செலவே இல்லை” என்று வரவேற்றது. எந்த ஊர்க் கார் நல்ல கார் என்ற கேள்விக்கும் கடைசியில் பதில் கிடைத்துவிட்டது. இரண்டும் சமமாம்.

இப்போது வாரத்துக்கு மூன்று முறை வீட்டிலிருந்தே தள்ளிக்கொண்டு போகிறோம். மருத்துவமனைச் சாலையில் காலையில் பார்க்க வேண்டும். விதவிதமான கார்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு பேர், மூன்று பேர். மகன்கள், மருமகன்கள், தம்பிகள். தள்ள ஆள் இல்லாத வீட்டுக் கார்கள் ஓரமாக நிற்கின்றன. முதலில் அவற்றையும் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டுப் போவோம். இப்போது முடிவதில்லை. மச்சானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. கண்ணாடிக்கடை பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது.

நேற்று ஏற்றத்தின் பாதியில் நின்றோம். மச்சான் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மண்டியிட்டபடியே இளைத்தார். நான் பின்கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டேன். அக்கா கதவுக் கண்ணாடியைச் சுற்றி இறக்கினாள்.

“டேய், நீங்க மூச்சு வாங்குறது உள்ள வரைக்கும் கேக்குதுடா.”

நான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“நான் ஒண்ணு சொன்னா ரெண்டு பேரும் திட்டக் கூடாது. வாரத்துக்கு மூணு தடவை எதுக்கு? ஒரு நாளைக் குறைச்சுக்கலாமே. எனக்கு அப்படி ஒண்ணும் பெருசா செய்யல.”

அவள் கால் பாதத்தை நான் பார்க்கக் கூடாதென்று சேலையை இழுத்து மூடிக்கொண்டதைப் பார்த்தேன். மச்சான் எழுந்து நின்றார். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“கண்ணாடியை ஏத்திக்கம்மா” என்றார்.

அவள் ஏற்றிக்கொண்டாள். அவர் கல்லைக் காலால் தள்ளிவிட்டுத் தோளைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன்.